தும்பிக்கு வைத்த தொட்டி

வியாழன் இரவு. எனக்கு எழுத வராது. போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்ளட்டும்.

மனைவி டெங்குவிலிருந்து பிழைத்தவள். இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டாள். என் புத்திசாலி மகன் மழைக்கு முன்பே பால்கனியில் தண்ணீர்த் தொட்டி வைத்தான். "தும்பி வந்து கொசுவையெல்லாம் தின்னுடும்ப்பா, மருந்து நக்கோ, வேணவே வேணாம்!"

தும்பி வந்தது. பறக்கிற பட்டாம்பூச்சியைக் காலால் அள்ளி, இறகை உதிர்த்துவிட்டுத் தின்றது, துரை மாதிரி. கொசு உள்ளே வந்து அவளைக் கடித்தது. தொட்டியிலும் கொசுப்புழு நெளிந்தது.

"கொஞ்சம் பொறுங்கப்பா."

"அவ மறுபடி படுக்குற வரைக்குமாடா?"

இன்று தொட்டியைக் கவிழ்த்தேன். அடிச்சேற்றில், சின்ன வயதில் குளத்தில் பார்த்த அதே அசிங்கமான தும்பிக்குஞ்சு. தாடையை நீட்டி ஒரு கொசுப்புழுவைக் கவ்வியிருந்தது. இந்த வீட்டில் வேலை பார்த்தது அது ஒன்றுதான்.

மிச்சப் புழுக்களோடு அதைத் தண்ணீர் வாளியில் விட்டு, கொசு வெளியே வராதபடி மூடிவைத்தேன். மகனிடம் சொன்னால் இளிப்பான். சொல்லமாட்டேன்.