இடது சட்டத்தில் நான்கு இடங்கள்

ரெட் ஆக்சைடு டப்பாவின் மூடியைத் திறந்ததும் நீ வந்துவிட்டாய். அந்தச் செங்கல் நிறப் பெயிண்டின் மணம் மூக்கில் ஏறியபோது, நான் சேரப்பணஞ்சேரியில் உன் வீட்டு வேப்பமரத்தடியில், நம் பழைய வேனுக்கு அடியில் கோணி விரித்துப் படுத்திருந்தேன். இந்த வயதில் இது தேவையாடா என்று நீ கேட்பாய். உன் ஸ்டெல்லா கேட்டே விட்டாள். ஓரகடத்தில் ஷிஃப்ட் பார்க்கும் உன் மகனுக்கு, அப்பாவின் வண்டியை மறுபடி ஓடவைக்க ஆசையாம். மழைக்கு முன் அடிப்பக்கத்தைச் சரிசெய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மடங்க மறுக்கும் முட்டிகளோடு உள்ளே நுழைந்திருக்கிறேன்.

வண்டிக்கு அடியில் பொழுது வேறு விதமாகத்தான் போகிறது. மனிதர்கள் வெறும் கால்களாக நடந்து போகிறார்கள். கோழி ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் போய்விடுகிறது. தலைக்கு மேல் இரும்பு வானம். சுத்தியலால் தட்டினால் அதிலிருந்து துரு மெல்ல உதிர்ந்து முகத்தில் படிகிறது. கண்ணை மூடிக்கொண்டால் நீ பக்கத்தில்தான் படுத்திருக்கிறாய். உன் முழங்கை என் விலாவில் இடிக்கிறது.

தொண்ணூற்றொன்றில் இப்படித்தான் கிடந்தோம். ராணுவத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும், சேற்றில் விட்டாலும் ஏறி வரும். ஆனால் அடிப்பக்கம் அப்பளமாக நொறுங்கிக்கொண்டிருந்தது. ஏரி நிரம்பினால் பாதை அறுந்துபோகும் ஊர்கள் வாலாஜாபாத் பக்கம் அப்போது நிறைய. அங்கே நர்ஸுகளையும் மருந்தையும் கொண்டுபோக ஒரு சின்ன ஆஸ்பத்திரி இப்படியொரு வண்டியைத் தேடியது. ஐப்பசி பிறப்பதற்குள் ஓடத் தகுதியென்று எஃப்.சி. வாங்கிவிட்டால் வண்டிக்கும் வேலை, டிரைவராக உனக்கும் வேலை. நீ ஓட்டிய கம்பெனி மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஸ்டெல்லாவுக்கு ஏழாம் மாதம். நான் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிளை உன் வீட்டுப் பக்கம் திருப்பிவிடுவேன்.

ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நடுவில் கிரீஸ் தடவி மறுபடி அடுக்கினோம். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே நான் போல்ட்டை முடுக்கப் போனால் கையைத் தட்டிவிடுவாய். "வண்டி தன் பாரத்துல நிக்கட்டும்டா. அப்புறம்தான் கடைசி முடுக்கு. இல்லாங்காட்டி ரப்பர் புஷ்ஷு முறுக்கிக்கினு கிழிஞ்சிடும்" என்பாய். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும்.

வண்டியைத் தாங்கும் சேஸிஸ் சட்டத்தை நீ விரலாலேயே படித்தாய். கண்ணை மூடிக்கொண்டு தடவிப்போய், ஓரிடத்தில் நின்று, இங்கே விரிசல் என்பாய். டார்ச் அடித்துப் பார்த்தால் தலைமுடி கனத்தில் ஒரு கோடு இருக்கும். ஏன் கண்ணை மூடிக்கொள்கிறாய் என்று கேட்டேன். துரு விழுகிறது என்றாய். நான் நம்பினேன். அந்த விரல்களைப் பார்த்துப் பொறாமையும் பட்டேன்.

நான் ஷிஃப்டில் இருந்த ஒரு பகலில் நீ தனியாகவே ரெட் ஆக்சைடு அடித்து முடித்திருந்தாய். சாயங்காலம் வந்து, முன்பக்கமாகத் தலையை நுழைத்துப் பார்த்தேன். வலது சட்டம் கோயில் படி போலப் பளிச்சென்று இருந்தது. இடது சட்டத்தின் உட்பக்கத்தில் நான்கு இடங்கள் விட்டுப்போயிருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். தலையைத் திருப்ப முடியாத இடுக்குகளில், இடது ஓரத்தில் மட்டும். நீ அப்படி விடுகிறவன் இல்லை. அந்த வாரம் இரண்டு தடவை டீ கிளாஸை இடது பக்கம் தட்டிவிட்டது ஞாபகம் வந்தது. உன் இடது கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று கோணியில் படுத்தபடியே எனக்குப் பட்டது.

நீ கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தாய். நான் பிரஷ்ஷை எடுத்து அந்த நான்கு இடங்களையும் பூசிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல வெளியே வந்தேன். அதற்கு நட்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன். எஃப்.சி. கிடைக்கட்டும், குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பேசலாம் என்று நான்கு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எஃப்.சி.க்குக் கிளம்பிய காலையில், ஸ்பிரிங்கில் மஞ்சள் குங்குமம் வைத்தது நான். சட்டத்தின் உள்ளே சாக்பீஸால் சின்னச் சிலுவை போட்டது நீ. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வேண்டும் என்று ஸ்டெல்லாதான் பிடிவாதமாக நின்றாள். இரண்டு சாமியும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். நீ ஸ்டார்ட் செய்தாய். இடது முன்சக்கரத்துப் பழம் உருண்டு விலகியது. அந்தப் பக்கத்திலிருந்தே நில் என்று உனக்குக் கையைக் காட்டிவிட்டு, குனிந்து பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தேன். கையை எடுப்பதற்குள் வண்டி நகர்ந்தது. டயர் என் விரல் நுனியை உரசிக்கொண்டு பழத்தின் மேல் ஏறியது. சாறு முழங்கை வரை தெறித்தது.

வண்டி நாலடி போய் நின்றது. நான் காட்டிய கையை நீ பார்க்கவேயில்லை. அந்த வண்டியில்தான் மறுவாரம் நர்ஸுகள் ஏறுவார்கள், கரையோரம் பிள்ளைகள் ஓடிவருவார்கள். நான் கதவைத் திறந்து இறங்கு என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நீ கோபப்படவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, வேப்பமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாய்.

"அந்தப் பக்கம் எனக்கு இல்லடா. ஒரு வருசமா."

ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. நீ எழுந்து வந்து சாவியை என் கையில் வைத்தாய்.

"நீ ஓட்டு. அடிப்பக்கத்த நான் பாத்துக்கிறேன்."

லேத்தை விட்டு டிரைவரானேன். எனக்கு இடது சீட்டில் நீ உட்கார்ந்தாய். பார்வை உள்ள கண் என் பக்கம். அதன் பின் வந்த வருடங்களெல்லாம் தண்ணீர் பாய்ந்த கரைகளில் அப்படியே போனோம். ஸ்பிரிங் முனகினால் எந்தப் பட்டை என்று சொல்வாய். மழைக்காலத்து ஏரியில் வானம் கிடக்கும். அதன் மேல் நாம் மிதந்து போவதுபோல் இருக்கும். உனக்கு அரைக் காட்சிதான். ஆனாலும் நீதான் முதலில் அழகா கீது என்பாய்.

அந்த நான்கு நாளை மட்டும் உன்னிடம் நான் சொல்லவேயில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கியபோதுதான் எனக்கும் தெரிந்தது என்று நீ நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாய் என்று நம்பியிருந்தேன். உன் பெட்டியை மண்ணில் இறக்கும்போதுகூட அதைச் சொல்லாமலேதான் கயிற்றைப் பிடித்திருந்தேன்.

இன்று காலை இடது சட்டத்தின் உட்பக்கம் அப்பியிருந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். சிவப்பு அப்படியே இருந்தது. நான் பூசிய நான்கு இடங்களும் கொஞ்சம் தடித்துத் தெரிந்தன. நான்கிலும், நடுவில், காயாத பெயிண்டில் அழுந்திய விரல் ரேகை. அன்று நான் சைக்கிள் ஏறியதும் நீ உள்ளே நுழைந்து தடவிப் பார்த்திருக்கிறாய். மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, இந்த நான்கின் ஈரம் உனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது. நான் சொல்வேனா என்று நான்கு நாள் நீயும் என் வாயைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். அதன் பிறகு இத்தனை வருடம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாய்.

வெகுநேரம் வெளியே வரவில்லை. டீ ஆறுகிறது என்று ஸ்டெல்லாவின் கால்கள் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போயின.

சட்டம் முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டேன். அந்த நான்கு இடங்களை மட்டும் விட்டிருக்கிறேன். துரு ஏறிவிடும் என்று திட்டாதே, கிரீஸ் தடவியிருக்கிறேன். நாளை வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்குகிறோம். அது தன் பாரத்தில் நின்ற பிறகுதான் கடைசி முடுக்கு முடுக்குவேன். அப்புறம் உன் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான்கு நாள் ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டிருந்த கதையை முதல் தடவையாகச் சொல்லப்போகிறேன்.