ஆரம்பத்தில் நாயனம் வரும்

திண்டிவனம்,
14-10-1961

அன்பு மகள் செண்பகத்துக்குச் சித்தப்பன் சின்னதுரை ஆசி சொல்லி எழுதுவது. நானும் உன் சித்தி அஞ்சம்மாளும் இங்கே உயிரோடு இருக்கிறோம், கஞ்சிக்குக் குறைவில்லை, நலம் என்று எழுத மட்டும் இந்தத் தடவை கை வரவில்லை. கோலார் தங்கவயலில் நீயும் மாப்பிள்ளை வேங்கடேசனும் பேத்தியும் சுகமாக இருக்க மயிலத்து முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். உன் அண்ணன் மாரியப்பனைப் பற்றி நீ போட்ட கடிதம் புதன்கிழமை வந்தது. சோறு பாதியில் எழுந்துவிடுகிறான், வாயில் ஒரு பாட்டு முணுமுணுப்புக்கூடக் கிடையாது, கேட்டால் என் கையெழுத்துதாம்மா அந்தப் பொண்ணு தாலிய அறுத்துச்சி என்கிறான், தங்கச் சுரங்கத்தில் பேர் கொடுத்துவிட்டான், மாதம் முடிவதற்குள் டாக்டர் பார்த்து உள்ளே இறக்கிவிடுவார்கள், எம்மா ஆழமா இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டான் என்று எழுதியிருந்தாய். அவன் இறங்குவதற்கு முன்னால் இந்தக் கடிதம் அவன் காதில் விழவேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்க ஆள் காத்திருந்தும் போகவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் மாப்பிள்ளை முழுசாகக் கேட்டதில்லை, அவருக்கும் படித்துக்காட்டு. இந்த ஜில்லாவிலேயே முதல் முதலில், விசேஷங்களுக்குப் பாட்டுத்தட்டு போடுகிற ரேடியோ செட் வாங்கினவன் நான். மதராஸில் ஒரு வெள்ளைக்காரத் துரை கையால் என்னிடம் கொடுத்தார், கொடுக்கும்போது அழுதார். சாவி கொடுக்கிற பெட்டி ஒன்று, சத்தத்துக்குக் குழாய் ஒன்று, மைக் ஒன்று, கார் பேட்டரி ஒன்று. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் நம் தெரு. ஊரில் ஒருவரும் நம் செட்டைக் கூப்பிடமாட்டார்கள், நம் தெருச் சாவுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும்தான் பனைமரத்தில் குழாய் கட்டினோம். நான் எந்தப் பாட்டு கைக்கு வந்ததோ அதைப் போடுவேன். மாரியப்பன் அப்படி இல்லை. அண்ணனும் அண்ணியும் காலராவில் போன வருஷம் உங்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு வந்தேனே, அப்போதிருந்தே அவன் பெட்டிப் பக்கத்தில்தான் கிடந்தான். பந்தலில் யார் முகம் சிரிக்கிறது, எந்தக் கிழவி தாளம் போடுகிறாள், எந்தப் பயல் எழுந்துபோகப் பார்க்கிறான், எல்லாம் பார்த்துக்கொண்டு அடுத்த இசைத்தட்டைக் கையில் வைத்திருப்பான். ஜனம் ஒரு அடிக்கு ஆடினால் ஊசியைத் தூக்கித் திரும்ப அதே அடியில் வைப்பான், ஒரு கீறல் விழாது. சாவு வீட்டில் அழ முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களை ஒரே பாட்டில் அழவைத்துவிடுவான், அழுதபிறகு அவர்களே வந்து கையெடுத்துக் கும்பிட்டுப் போவார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு சைகோன் போய் வந்த சோல்ஜர் வீடுகளுக்கெல்லாம் சைக்கிளில் போய் ஒருவரிடமும் இல்லாத தட்டுகளை வாங்கிவந்தான். பேச்சே இல்லாமல் வெறும் மேளமும் குழலும் அடிக்கிற ஒரு தட்டு இருந்ததே, அதைப் போட்டால் வாய்க்கால் அந்தப் பக்கத்து ஊர்ப் பையன்கள் கரையில் வந்து குந்திக்கொண்டு கேட்பார்கள், இந்தப் பக்கம் வரமாட்டார்கள், எழுந்தும் போகமாட்டார்கள். மூன்றாவது வருஷம் ஊரே கூப்பிட்டது. அப்புறம் நாற்பது ஊர். கூப்பிட வருகிறவன் சின்னதுரை செட்டு வருமா என்று கேட்கமாட்டான், மாரியப்பன் வர்றானா, அவன் வந்தாத்தான் பந்தல்ல கூட்டம் நிக்கும் என்பான். விழுப்புரத்துச் செட்டுக்காரர்கள் பக்தர்கள் மாதிரி முன்னால் வந்து உட்கார்ந்து தட்டின் பேரைப் படித்துக்கொண்டு போய் அதையே வாங்க ஆரம்பித்தார்கள். அதனால் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கிற பேர்த்தாளையெல்லாம் மாரியப்பன் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, வட்டமாகத் தாள் வெட்டிக் கோந்து தடவி ஒட்டி, அதில் அவன் கையால் எழுதிவைத்தான். கோந்து தடவிக் கொடுத்தது நீதான். பாட்டின் பேர் இருக்காது, எதற்கு என்று மட்டும் இருக்கும். தாலி கட்டும்போது, பொண்ணு போகும்போது, சாவுக்கு. எதிராளி பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. அறுபத்துநாலு தட்டு, அத்தனையும் அவன் எழுத்து.

கோலியனூரில் காணும் பொங்கல் அன்று நடந்ததை அவன் உன்னிடம் சொன்னானோ இல்லையோ நான் சொல்கிறேன். இரண்டு செட்டை எதிரெதிரே கட்டிப் போட்டி வைத்தார்கள். எட்டாவது தட்டில் எதிர்ச்செட்டுக்காரன் குழாயை இறக்கிவிட்டான். விழாக்காரர்கள் மாலை கொண்டுவந்து நேராக மாரியப்பன் கழுத்தில் போட்டார்கள். நான் பக்கத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறேன், என்னைத் தள்ளிக்கொண்டு போய்ப் போட்டார்கள். நான் மைக்கைப் பிடுங்கி, செட்டு என்னோடது, இந்தப் பையன் சாவி குடுக்கற ஆளு, கூலி ஆளு என்று சொல்லிவிட்டேன். குழாயில் சொன்னேன் செண்பகம். அவன் மாலையைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தான், ஊசி டப்பாவை என் கையில் கொடுத்தான், கூலி ஆளு போறேன் சித்தப்பா, ஊசி ரெண்டு பாட்டுக்கு ஒண்ணு மாத்துங்க என்றான். அவ்வளவுதான். அங்கிருந்தே உன்னிடம் வந்துவிட்டான்.

அவன் போனபிறகு நான் என்ன செய்தேன் என்று உன் கடிதம் வரும்வரை உன் சித்திக்குக்கூடச் சொன்னதில்லை. என் செட்டில் அவன் எழுத்து எதற்கு, அவன் எழுத்தைப் படித்துத்தான் சின்னதுரை பாட்டுப் போடவேண்டுமா என்று ஆத்திரம் வந்து, துணியை நனைத்து வைத்து அறுபத்துநாலு சீட்டையும் பிய்த்தேன். எனக்குத் தெரியாத பாட்டா என்று நினைத்தேன். பிய்த்த சீட்டுகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். வைகாசியில் அனந்தபுரத்தில் பச்சைமுத்து என்கிற நிலம் நீச்சு உள்ள சம்சாரி வீட்டுக் கல்யாணம் வந்தது. மாரியப்பன் வருவான் என்று நினைத்துத்தான் கூப்பிட்டார், அவனுக்கு உடம்பு சரியில்லை என்று நான் பொய் சொல்லி முன்பணம் வாங்கிவிட்டேன். செட்டு இருக்கிறதே என்று அவர் மேளக்காரர்களைக்கூட ஏற்பாடு செய்யவில்லை. கெட்டிமேளம் என்று ஐயர் கை காட்டினார். நாயனம் வருகிற தட்டு இதுதான் என்று ஒன்றை எடுத்து வைத்தேன், நாயனம்தான் வந்தது, சரி என்று திரும்பி மாப்பிள்ளை வீட்டாரிடம் மதராஸ் துரை கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நாயனம் நின்று ஒரு பொம்பளை ஒப்பாரி எடுத்தாள். போனவன் திரும்பி வரமாட்டான் என்று பாடுகிற பாட்டு. நம் தெருச் சாவுகளுக்கு மட்டும் மாரியப்பன் போடுவானே, அது. துரை அழுத இடத்துக்கு வந்திருந்தேன், கதை பாதியில் நின்றால் நன்றாக இருக்காது என்று அந்த அடியை முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். தாலி ஏறுகிற நேரத்தில் நாலு அடி ஓடிவிட்டது, குழாயோ புளியமரத்து உச்சியில்.

குழாயை இறக்கி வெளியே போட்டார்கள், அதோடு போயிருந்தால் பரவாயில்லை. முப்பத்தெட்டாம் நாள் தாலி கட்டின அந்தப் பையன் கூட்டேரிப்பட்டு முனையில் சைக்கிளோடு லாரியில் மாட்டிச் செத்துப்போனான். பொண்ணு கிருஷ்ணவேணிக்குப் பதினெட்டு வயசு. பாட்டுதான் எடுத்துச்சி என்று ஊர் ஊராகப் பேச்சு. என்னைத் தேடி ஆட்கள் வந்தபோது, மாரியப்பன்தான் சீட்டை மாற்றி எழுதிவிட்டுப் போனான், சாவுப்பாட்டுக்குத் தாலி கட்டும்போது என்று எழுதிவைத்தான் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன், எப்போதும் சொல்கிற மாதிரி. அதையே ஆவணியில் உனக்கும் எழுதினேன். அதைத்தான் அவன் படித்தான். வேண்டுமென்று செய்திருக்கமாட்டோம், கை தவறி எழுதியிருப்போம் என்று அந்தப் பிள்ளை நம்பிவிட்டான் என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கோபப்பட்டுத் திட்டுவான் என்று நினைத்தேன். நம்புவான் என்று நினைக்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே செட்டை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அனந்தபுரம் சந்தைக்குப் போனேன். குழாயைக் கட்டி மைக்கில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். சீட்டு சரி, பிய்த்தவன் நான், மாரியப்பன்மேல் தப்பு இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். என் ஆயுசில் மைக்கில் ஒரு வார்த்தை கூட்டாமல் பேசியது அன்றைக்குத்தான். ஜனம் சிரித்தது. காய்க்கடைப் பையன் ஒருவன், இன்னா பெரிசு, செஞ்சிக் கோட்ட இடிஞ்சதும் உன்னாலதானா, அதையும் சொல்லிட்டு எறங்கு என்று கத்தினான். இன்னொருத்தன், தொர அழுதத சொல்லு மாமா, அது நல்லா இருக்கும் என்றான். பச்சைமுத்து கூட்டத்தில் நின்றார். என்னை அடிப்பார் என்று பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னதுர, நீ நல்லவன்யா, அண்ணன் பையனுக்காவ பழிய உன் தலைல தூக்கிக்கினு வந்து நிக்கறே, எவன் செய்வான் என்று சொல்லி ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். டப்பாவிலிருந்து எடுத்துப்போயிருந்த அந்தச் சாவுத் தட்டின் சீட்டைக் காட்டினேன். நீ எத எழுதிக்கினு வந்தா எனக்கு இன்னாய்யா, எம்பொண்ணு மூலைல குந்திக்கினு கீறா என்று திரும்பிக்கொண்டார். அந்தச் சோடாவைக் குடிக்காமல் கடைப் பலகைமேல் வைத்துவிட்டேன்.

வண்டி கட்டும்போது அவர் சம்சாரம் பாஞ்சாலி ஆள் விட்டுத் தோட்டப் பக்கமாக வரச்சொன்னாள். கதவு பாதி சாத்தியிருந்தது, உள்ளே அந்தப் பொண்ணு, முகம் தெரியவில்லை. குழாயில் சொன்னது வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது. சீட்ட வெய்யுங்க என்று மட்டும் அந்தப் பொண்ணு சொன்னாள். நிலைப்படிக்கு வெளியே கல்மேல் வைத்தேன், கை நீட்டி எடுத்தாள். ஐந்தாவது வரைக்கும் படித்தவளாம், எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தாள், சரியாத்தான எழுதிகீறாரு என்றாள். தண்ணியில ஊறின கறை கீது, பழசுதான் என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். அப்புறம் என்னைக் கேட்டாள், ஊசிய எடுக்க எம்மா நேரம் ஆச்சி என்று. நாலு அடி அம்மா, கதை சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன். நான் போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். பிறகு சீட்டு கல்மேல் திரும்ப வந்தது. எழுதனவருக்கு அனுப்பிடுங்க, எனக்கு இதப் பாத்துக்கினு இருக்க முடியாது என்றாள். கதவைச் சாத்திவிட்டாள்.

அந்தச் சீட்டை இந்தக் கடிதத்துக்குள் மடிக்காமல் வைத்திருக்கிறேன், கவனமாகப் பிரி. ஓரத்தில் நகம் அளவு கிழிந்திருக்கும், அந்தத் துண்டு இன்னும் தட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, பொருத்திப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். சாவுக்கு மட்டும், ஆரம்பத்தில் நாயனம் வரும், ஏமாறாதே என்று எழுதியிருக்கிறான். அந்தக் கடைசி வார்த்தை அவனுக்கு எழுதிக்கொண்டதல்ல, எனக்கு எழுதினது. நாற்பது ஊரிலும் என்னை நம்ப ஆளில்லை, நாற்பது என்பதும் கூட்டிச் சொன்னது, பதினாறு ஊர்தான், இப்போது ஒன்றுகூட இல்லை. மதராஸில் துரையும் இல்லை, ஏலத்தில் எடுத்த பெட்டி. மாரியப்பனும் என் பேச்சை நம்பவேண்டாம். அவன் எழுத்தை அவனுக்கு அடையாளம் தெரியும். அது தெரிந்தபிறகும் சுரங்கத்துக்குப் போவேன் என்றால் போகட்டும், திரும்பி வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. அடுத்தவன் தப்பைச் சுமந்துகொண்டு மட்டும் அவன் கீழே இறங்கக்கூடாது.

பேத்திக்கு அங்கே குளிர் அதிகம் என்றாய், தலைக்கு எண்ணெய் வைத்து வெந்நீரில் குளிப்பாட்டு, ஈரத்தலையோடு வெளியே விடாதே. மாப்பிள்ளை இருமல் என்றால் அலட்சியம் வேண்டாம், கம்பெனி டாக்டரையே பார்க்கச் சொல். உன் சித்தி கேப்பை மாவு அனுப்பவேண்டும் என்கிறாள், வருகிற ஆள் கிடைத்தால் கொடுத்துவிடுகிறேன். பசு சினையாக இருக்கிறது. நீங்கள் மூன்று பேரும், அவனும், நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்கவேண்டும் என்று அந்த மயிலத்தான் முன்னால் நிற்கும்போதெல்லாம் சொல்கிறேன். ஒன்றை மறந்துவிடாதே, அவனுக்கு முதலில் சீட்டைக் கையில் கொடு, அவன் படித்து முடிக்கட்டும், என் கடிதத்தை அப்புறம் படி.

இப்படிக்கு,
சீட்டைப் பிய்த்தவன்,
உன் சித்தப்பன் சின்னதுரை