டேலியாப் பாத்தி

என்னங்க,

கழனியிலேர்ந்து வந்ததும் சாப்பிடுங்க. சோறு உறியில கீது. நான் பாப்பாவைக் கூட்டிக்கினு வெள்ளானூருக்கு, எங்க அம்மா ஊட்டுக்குப் போறேன்.

செத்துப்போன அக்கா, பாப்பாவோட அம்மா, ஆவடி துரை பங்களாவுலேர்ந்து கொண்டாந்து வெச்ச டேலியாப் பூச்செடியை ஏன் பிடுங்கினேன்னு நேத்து கத்தினீங்க. ஆமா, கிழங்கையெல்லாம் தோண்டி கிணத்தடியில போட்டது நான்தான்.

காலையில பார்த்தா அத்தனையும் திரும்பப் பாத்தியில நட்டுக் கீது. நீங்கதான் நட்டீங்கன்னு நெனைச்சேன். ஆனா ஈர மண்ணுல பொம்பளை காலடி. என் காலைவிடச் சின்னது.

என்னை எப்பவும் சித்தின்னு கூப்பிடுற பாப்பா, "அம்மா நட்டாங்க"ன்னு சிரிக்குது.

இன்னொண்ணு: வாசக்கதவைச் சாத்த விடமாட்டேங்குது பாப்பா. "அம்மாவும் வராங்க, இரு சித்தி"ன்னு பிடிச்சிக்கினு நிக்குது. நானும் சாத்தாம காத்துக்கினு கீறேன்.

தாட்சாயிணி