பக்கெட் மேல் நின்ற மின்னல்

அங்கேயும் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் அருமைச் சகலை சவரிமுத்துவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மோட்டார் காயில் கட்டும் நம் கடையும் ஓடுகிறது. கல்வராயன் மலையிலிருந்து எரிந்த மோட்டார்கள் வழக்கம்போல் வந்து இறங்குகின்றன. கொண்டுவருகிறவர்கள் மோட்டாரைவிட உங்கள் மின்னலைத்தான் விசாரிக்கிறார்கள். மாதா கோயில் திருவிழாவில் டெஸ்லா காயில் வைத்து மின்னல் விடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் முப்பதாம் நாள் பூசையில்கூட ஒருவர் என் காதைக் கடித்தார், "மின்னல் இன்னா ஆச்சு?" என்று. பக்கத்தில் இருந்த தெரசா அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

அன்றிலிருந்து உங்கள் மனைவிக்கு ஒரே வைராக்கியம். "இந்தத் திருவிழாக்குள்ள மின்னல் வரலன்னா செம்பெல்லாம் பழைய சாமான் கடைக்குத்தான் தம்பி. செத்த மனுசனப் பாத்து ஊரு சிரிக்கக் கூடாது."

நானும் தினம் உங்கள் வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தேன். கீழே தடித்த செம்புக் குழாயைச் சில சுற்று சுற்றிய வட்டம். நடுவே போர்வெல் பிளாஸ்டிக் பைப்பில் மெல்லிய கம்பி சுற்றிய உயரக் காயில், அதன் தலையில் அக்காவின் அலுமினியக் குண்டான். எல்லாம் நீங்கள் வைத்தபடிதான். மேலே ஒரு பொறி வராது. கீழேயே இரண்டு காயிலும் சடசடவென்று ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். இடைவெளி விட்டால் கரண்ட் வீண் என்று மோட்டார் கட்டி ஊறிய கை நமக்கு, இல்லையா? இன்னும் நெருக்கி வைத்தேன். இன்னும் கடித்தது.

போன வாரம் அக்கா தரையைக் கழுவியிருக்கிறார். ஈரம் படக்கூடாதென்று உயரக் காயிலைத் தூக்கி, வட்டத்துக்கு நடுவில் கவிழ்த்த பிளாஸ்டிக் பக்கெட் மேல் நிறுத்திவிட்டார். தரை காய்ந்த பிறகு நான் போனேன். இறக்கி வைக்கச் சொன்னால், "மறுபடி தூக்க என்னால ஆவாது. அப்டியே போட்டுப் பாரு" என்கிறார். இவ்வளவு தூரத்தில் எப்படி ஏறும் என்று முணுமுணுத்தபடி, அவருக்குப் புரியட்டும் என்றே சுவிட்சைப் போட்டேன். குண்டானிலிருந்து ஒரு முழத்துக்கு ஊதா மின்னல். நான் வாசலுக்கு ஓடியது உண்மைதான். அலறினேன் என்று உங்கள் கொழுந்தியாள் சொல்வதை நம்பாதீர்கள்.

பிறகு யோசித்தேன். ரொம்ப நெருக்கினால் கீழ்க்காயிலின் சக்தி மேலே போய்ச் சேருமுன் நடுவழியிலேயே உடைத்துக்கொள்கிறது. கொஞ்சம் தள்ளி நின்று, ஊஞ்சலைத் தள்ளுவதுபோல் தாளம் பார்த்துக் கொடுத்தால் உச்சிவரை ஏறுகிறது. இரண்டும் ஒரே தாளத்தில் ஆடும்படி கீழ்வட்டத்தில் நீங்கள் கரண்ட் இணைப்பு வைத்த இடம் ஏறக்குறைய சரி. ஆனால் மின்னல் வெளியே வந்ததும் அதுவே மேல்காயிலுக்குப் பாரமாகி, தாளத்தை மந்தமாக்குகிறது. இணைப்பை அரைச் சுற்று வெளியே நகர்த்தினேன், இரண்டு முழமானது. மின்னலே வராத காயிலில் அது உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அவரு கட்டுனது தப்பில்லியே தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம்தான் அழுதார். உங்களை எடுத்த அன்றுகூட அடக்கிக்கொண்டு நின்றவர் அவர். நானும் அழுதேன்.

திருவிழாவில் சுவிட்சைத் தான்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டார். போடட்டும். மைக்கில் உங்கள் பெயரைச் சொல்வது என் பொறுப்பு. கேட்டுச் சிரித்தவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொல்வேன். குரல் உடைந்தால் மட்டும் கண்டுகொள்ளாதீர்கள்.

உங்கள் சகலை,
அருளப்பன்
கள்ளக்குறிச்சி