கதவுப் பக்கம் நான் மட்டும்

செவ்வாய், இரவு

இதைப் படிப்பவர் தயவுசெய்து அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள்.

இன்று வகுப்பில் படித்த கதையில், தாமதமாக வந்த மகளை அப்பா திட்டுகிறார். அவர் கோபக்காரர் என்பவர்கள் சன்னல் பக்கமும், இல்லை என்பவர்கள் கதவுப் பக்கமும் நிற்க வேண்டும் என்றார் டீச்சர். கதவுப் பக்கம் நான் மட்டும்தான்.

"கதையில எங்க இருக்கு, காட்டு" என்றார்.

"தெரு முக்குலயே நின்னாருன்னு இருக்கே டீச்சர். பயத்துலதான் கத்துறாரு. எங்கப்பாவும் அப்படித்தான். பஸ் லேட்டானா எங்க குன்னம் ஊரே அதிரும். சரியான பயந்தாங்கொள்ளி!"

சிரித்தபடி பாதி வகுப்பு என் பக்கம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செல்வி மட்டும் நகரவில்லை.

"இரு, உங்கப்பாகிட்டயே கேக்குறேன்டி."

கேட்டுவிட்டாள் போல. சாப்பிடும்போது அப்பா என்னையே பார்த்தார்.

கதவைத் தட்டுகிறார்கள்.

"பாப்பா, தூங்கலயா? பயந்தாங்கொள்ளி வந்திருக்கேன், தொற."

குரலில் சிரிப்பு. நோட்டை மூடுகிறேன்.