அழித்தபின் பதினொரு கிலோமீட்டர்

ஞாயிறு, 8

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. வாரத்தில் ஒரே லீவு, அதுவும் போச்சு.

செல்வியின் தம்பி திலீப் தன் பழைய காரோடு வந்தான். இன்ஜின் லைட் எரிகிறது. வண்டியை விற்கப் போகிறானாம்.

"மாமா, அந்த லைட்ட மட்டும் அணைச்சு குடுங்க. பாக்க வர்றவங்க மொத அதத்தான் பாக்கறாங்க."

ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகி லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு கோளாறு நம்பர்:

P0302 – இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை
P0217 – இன்ஜின் அளவுக்கு மேல் சூடு

கூலன்ட் டப்பாவில் பாதிதான் இருந்தது. வாராவாரம் தண்ணீர் ஊற்றுகிறானாம். கேஸ்கட் போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கணும் என்றேன்.

"வாங்கறவன் பாத்துக்குவான் மாமா."

செல்வி டீயோடு நின்றாள். "அவன் கேட்டு எதுனா செஞ்சிருக்கீங்களா இதுவரைக்கும்?"

அழித்தேன். ஒரு பட்டன், அவ்வளவுதான். கம்பெனியில் தினமும் செய்வது: மெஷின் அலாரம் அடித்தால் நம்பரை நோட்டில் எழுது, ரீசெட்டை அமுக்கு, ஓட்டு. அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் எழுதி வைக்கிறேன். இனி காரில் இந்த நம்பர்கள் இல்லை.

வாங்க: பாத்ரூம் பல்பு, முதுகுக்குத் தைலம், குடை.

திங்கள், 9

ஏ ஷிப்ட். ஐந்தே காலுக்கு பஸ். தூக்கம் போதவில்லை. லைனில் பதினான்கு அலாரம். "ரீசெட் பண்ணுப்பா, புரொடக்ஷன் கவுண்ட் கொறையுது." சூப்பர்வைசருக்கு வேறு பேச்சே தெரியாது.

கேண்டீனில் முனிராஜ். பக்கத்து மெஷின்காரன், ஊர் பேரிகை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம். வாரம் மூன்று நாள் ஓசூரில் பிசியோதெரபி. பஸ்ஸில் தூக்கி ஏற்ற முடியவில்லை. ஒரு கார் பார்த்திருக்கிறானாம்.

"நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு உங்க வீட்டுக்கு ஓட்டிட்டு வரேண்ணா. லேப்டாப்புல ஒருவாட்டி பாத்து நீங்க சொன்னா போதும்."

சரி என்றேன்.

செவ்வாய், 10

திலீப்பின் கார். தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது.

"உங்க மச்சான் வண்டியாம்ல. அப்பவே மனசு லேசாயிருச்சுண்ணா."

வயரைச் செருகினேன். கோளாறு எதுவும் இல்லை என்று காட்டியது. அடியில் இன்னொரு வரி: அழித்தபின் ஓடிய தூரம், 11 கி.மீ. முனிராஜ் அதில் விரலை வைத்தான்.

"இது என்னண்ணா, பதினொன்னு?"

ஜன்னலில் செல்வி நின்றிருந்தாள்.

"பேட்டரி கழட்டி மாட்டுனா அப்படி வரும்" என்றேன். பேட்டரி கழற்றினாலும் அப்படி வரும்தான். அதனால்தான் சொல்ல வந்தது. கேவலம்.

"நீங்க சொன்னா சரிண்ணா."

வியாழன், 12

வெயில். பல்பு இன்னும் வாங்கவில்லை. இருட்டில் குளியல்.

முனிராஜ் நேற்று வண்டியை எடுத்துவிட்டான். லைனில் எல்லோருக்கும் மைசூர்பாகு. பாதி தின்றேன், மீதியைப் பாக்கெட்டில் போட்டேன். யூனிபார்மில் நெய்க்கறை. செல்வியிடம் திட்டு. திலீப்பிடம் பேசு என்றேன். "வித்தது வித்தாச்சு" என்றாள். எனக்கும் அதற்கு மேல் பேசத் தெம்பில்லை.

வெள்ளி, 13

முனிராஜ் லீவு. ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, போன்.

"அண்ணா, பாகலூர் தாண்டி நிக்கறேன். லைட் வந்திருச்சு, முன்னாடி ஆவியா வருது. லேப்டாப் எடுத்துட்டு வந்து அழிச்சு குடுங்கண்ணா. அப்பாவுக்கு நாலு மணிக்கு டைம் குடுத்திருக்காங்க."

அழிச்சு குடுங்கண்ணா. நான்தானே பழக்கினேன்.

கிளம்பும்போது இந்த நோட்டையும் பையில் போட்டேன்.

பானெட் திறந்திருந்தது. பின் சீட்டில் பெரியவர். வெளுத்த வேட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தது. நல்ல கையால் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார். "கூச்சோ நாயனா, அண்ணா ஒச்சினாரு." உட்காருப்பா, அண்ணன் வந்துட்டார் என்று முனிராஜ் தெலுங்கில் சமாதானம் சொன்னான்.

லேப்டாப்பைத் திறக்கவில்லை. நோட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை எடுத்து முனிராஜிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். மேலே தேதியைப் பார்த்தான். மறுபடி அந்த இரண்டு நம்பரையும் படித்தான்.

"அப்போ செவ்வாக்கெழம உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டு, வந்த ஆட்டோவை நிறுத்தினான்.

"அப்பாவ தூக்கணும். கால் பக்கம் புடிங்க."

அண்ணா என்று சொல்லவில்லை. பிடித்தேன்.