மூன்றாம் மாடியைத் துடைத்தது யார்

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
14.01.2007

அன்பின் நாயகியக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் விரல் நோவு எப்படி? இந்தக் குளிருக்குக் கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதத் தொடங்கினேன். இரண்டு வரி பதில் போட்டாலே போதும். உங்கள் கையெழுத்தைக் கண்டால் எனக்கு ஒரு ஆறுதல்.

ஒரு புதினம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. எனக்கு ஐம்பது வயதாகிறதாம். அதற்காக ராகவி என்னை உல்லாசக் கப்பலில் கூட்டிக்கொண்டு போகப் போகிறாளாம், கரீபியன் தீவுகளுக்குப் பத்து நாள். மருந்துக்கடையில் வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் எல்லாம் பதிந்துவிட்டாள். "எனக்கேன் பிள்ளை கப்பல்?" என்று கேட்டேன். "அம்மா, பதின்மூண்டு வருஷமா மற்றவையின்ரை நிலத்தைத் துடைச்சனீங்கள். பத்து நாள் ஒண்டையும் தொடாமல் இருங்கோவன்" என்கிறாள். இவருக்கு பஸ் ஓடுகிற இடத்தில் லீவு இல்லை. நானும் மகளும்தான்.

நீந்தத் தெரியாத மனிசி கப்பலில் ஏறி என்ன செய்கிறது? நீங்களே சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
மலர்

*

துரொண்ட்ஹெய்ம்
25.01.2007

அன்புள்ள மலருக்கு,

போடி விசரி. போய்விட்டு வா. இதற்கெல்லாமா யோசனை கேட்கிறது?

பன்னிரண்டு வருஷம் ஐஸ் மீன் வெட்டிய விரல், பேனாவைப் பிடித்தாலே உளைகிறது. அதனால் நான் சுருக்கமாகத்தான் எழுதுவேன். நீ நீட்டி எழுது. என்ன சாப்பிட்டாய், கடல் என்ன நிறம், ஒன்றும் விடக்கூடாது. தொலைபேசியில் சொல்லாதே. இவர் பக்கத்தில் இருந்து செய்தி பார்த்துக்கொண்டே "என்னவாம், என்னவாம்" என்று கேட்டு உயிரை வாங்குவார். கடிதம் என்றால் தேத்தண்ணியோடு இருந்து இரண்டு தரம் வாசிப்பேன்.

நேற்று பஸ்ஸில், ஒஸ்லோவில் எங்களோடு துப்புரவு வேலை செய்த அந்தப் பாத்திமாவின் சாயலில் ஒரு மொரோக்கோக்காரியைக் கண்டேன். அவள் இல்லை. என்றாலும் வயிறு எரிந்தது. நான் இடுப்பு நோவோடு நிமிர முடியாமல் நின்ற அந்த மூன்று கிழமையும், உன் மாடியோடு என் மூன்றாம் மாடியையும் சேர்த்துத் துடைத்தவள் நீ. அதைப் போய் எங்கள் மேலதிகாரி ஷெஃப்பிடம் கோள் சொன்னவள் அவள். அந்த வேலை பறிபோயிராவிட்டால் நான் ஏன் ஒஸ்லோவை விட்டு வந்து மீன் வெட்டுகிறேன்? சரி விடு, பழைய கதை. உன்னை மட்டும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

குளிருக்கு அல்ல, வெயிலுக்கு உடுப்பு எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
சிவநாயகி

*

கப்பலில் இருந்து
15.02.2007

அன்பின் நாயகியக்கா,

நீங்கள் கேட்டபடியே ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். இது கப்பல் இல்லை அக்கா, எங்கள் ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடிகள் நாலைந்தை ஒட்டி வைத்துத் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கிறது. மயாமியில் ஏறினோம். கடலுக்கு ஒரு நிறம் என்று இல்லை. கரையில் பச்சை, தள்ளிப் போக நீலம், அதற்கும் அப்பால் கறுப்பு. முதல் இரண்டு இரவும் தலைசுற்றில் இஞ்சித் தேத்தண்ணியோடு கிடந்தேன். இப்போது பரவாயில்லை.

சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. விடிய எழும்பினால் இரவு படுக்கும்வரை ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதல் நாள் மேசையில் இருந்தபோது ஒரு பரிசாரகர் வந்து என் மடியில் துணியை விரித்தார். நான் பதறி எழும்பிவிட்டேன். ராகவிக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. செயின்ட் லூசியா சந்தையில் எங்கள் ஊரில் சமைக்கிற அதே ஈரப்பலாக்காய் கண்டேன். விற்கிற மனிசி என் கையைப் பிடித்து இழுத்து விலை சொன்னா. அந்த ஒரு மணித்தியாலம்தான் நான் நானாக நின்றேன்.

மற்ற நேரமெல்லாம் என்ன செய்வதென்று தெரியவில்லை. ராகவி நீச்சல் குளத்தடியில் புத்தகத்தோடு படுத்திருக்கிறாள். நான் பக்கத்தில் இருந்து தரையில் சிந்திய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரும் வழுக்கி விழுவார்களோ என்று பயம்.

எங்கள் அறையும் மூன்றாம் மாடி. துப்புரவு செய்கிறவர் மிக்கேல் என்று ஒரு தமிழர், தூத்துக்குடிக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பெண்பிள்ளைகள். முதல் நாள் அவர் கதவைத் தட்டுமுன் நான் இரண்டு கட்டிலையும் விரித்து, குளியலறையைத் துடைத்து, ஈரத் துவாய்களை மடித்து வைத்துவிட்டேன். "என்னம்மா, எல்லாத்தையும் நீங்களே முடிச்சிட்டீங்க? அப்ப நான் எதுக்கு?" என்று சிரித்தார். "நானும் இதே வேலைதான் தம்பி, ஒஸ்லோவிலை" என்றேன். ஒரு ஆளுக்குப் பதினெட்டு அறையாம். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் நானே செய்து வைக்கிறேன். மகள் ஏசுகிறாள். நீங்களாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பீர்கள், இல்லையா?

அன்புடன்,
மலர்

*

பார்படோஸ் துறைமுகம்
19.02.2007

அன்பின் அக்கா,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

ஐந்தாம் நாள் ஒரு படிவம் தந்தார்கள். சாப்பாடு எப்படி, அறைத் துப்புரவு எப்படி என்று கேள்விகள். மிக்கேலுக்கு நல்லபேர் வாங்கிக் கொடுப்போம் என்று நான் சொல்லச் சொல்ல ராகவி எழுதினாள். "மிகவும் நல்ல மனிதர். எங்கள் அறையை நாங்களே துப்புரவு செய்துகொள்கிறோம். அவருக்கு ஒரு வேலையும் வைப்பதில்லை." இதை வாசித்து மேலதிகாரிக்கு மனம் குளிரும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்.

அடுத்த நாள் மிக்கேல் வந்தார், முகத்தில் சிரிப்பில்லை. "அம்மா, தயவுசெஞ்சு இனிமே எதையும் தொடாதீங்க. பயணியை வேலை செய்ய விட்டேன்னு எழுத்துல எச்சரிக்கை குடுத்துட்டாங்க. இது எனக்கு ரெண்டாவது. மூணாவது வந்தா அடுத்த ஒப்பந்தம் கிடையாது" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் கசக்கி வைத்திருந்த துவாயை வாங்கிக்கொண்டு போனார்.

நான் ராகவியையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். "அவர் ஒவ்வொரு நாளும் நேரத்துக்கு வந்தவர். நான்தான் அவருக்கு விடேல்லை. பிழை என்ரை. அதை எழுதுங்கோ" என்று மகளைச் சொல்லச் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எழுதிக்கொண்டாள், கவனிப்போம் என்றாள். அடுத்த நாள் காலை வேறொருவர் வந்தார். மிக்கேல் வேறு மாடிக்கு மாற்றப்பட்டாராம். அவ்வளவுதான் தெரியும்.

அந்த அறையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன் அக்கா. எனக்கு மிக்கேலின் முகம் தெரியவில்லை. உங்கள் முகம்தான் தெரிந்தது.

பாத்திமா ஒன்றும் சொல்லவில்லை. சொன்னவள் நான்.

1994 பங்குனி மாதம். ஷெஃப் வந்து, மூன்றாம் மாடி இவ்வளவு துப்புரவாக இருந்ததே இல்லை, யார் துடைத்தது என்று கேட்டான். எனக்கு அப்போது நிரந்தர வேலை இல்லை. இந்த நாட்டில் அதுவரை ஒருவரும் என்னை நல்லதென்று சொன்னதும் இல்லை. அந்த ஒரு பாராட்டுக்கு ஆசைப்பட்டு, "நான்தான்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், அப்படியென்றால் நீங்கள் எங்கே என்று அவன் கேட்பான் என்பது மூளையில் ஏறியது. அந்தக் கிழமையே உங்களை நிறுத்தினான். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினான்.

நீங்கள் அழுதுகொண்டு, "பாத்திமாதான் சொல்லியிருப்பாள்" என்றீர்கள். நான் "இருக்கும்" என்றேன். அந்த ஒரு சொல்லோடு பதின்மூன்று வருஷம் உங்கள் கடிதங்களை வாசித்துவந்தேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் எனக்கு நன்றி சொல்ல, எனக்குச் செத்துப்போகலாம் போல இருக்கும்.

தொலைபேசியில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் விரல் நோவும் என் கணக்கில்தான். என்னை மன்னியுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. உங்களை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

மலர்

*

துரொண்ட்ஹெய்ம்
14.03.2007

மலருக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கவில்லை. ஒரு தரமே போதும்.

விரல் உளைகிறது. என்றாலும் இதை இன்னொருவரைக் கொண்டு எழுதுவிக்க முடியாது.

துடைத்தது நீதான். நீதான் என்று சொன்னாய். அந்த நிலையில், அந்தப் பயத்தில், நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்தக் கோபம் எப்போதாவது ஆறும். ஆனால் நான் பதின்மூன்று வருஷம் ஒரு பாவமும் அறியாத ஒருத்தியைத் திட்டினேன். எங்கள் பெண்கள் எல்லோரிடமும் சொல்லி, அவளோடு கதைக்கவேண்டாம் என்று தடுத்துவிட்டுத்தான் ஒஸ்லோவை விட்டு வந்தேன். கோயிலில் கும்பிட்டு நின்றுகொண்டும் திட்டினேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அது எனக்கு ஆறவில்லை.

அவள் இப்போதும் ஒஸ்லோவில்தான், ஹவுகெட்டோவில் இருக்கிறாள் என்று நீதான் ஒருமுறை எழுதினாய். போ. கதவைத் தட்டு. எனக்கு எழுதியதை அவளுக்கு வாயால் சொல். அதுவரை எனக்குக் கடிதம் வேண்டாம்.

சிவநாயகி

*

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
01.04.2007

அன்பின் அக்கா,

போனேன். இரண்டு முறை ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்து, மூன்றாம் முறைதான் கதவைத் தட்டினேன்.

பாத்திமாவுக்கு இப்போது முழங்கால் சரியில்லை, தடியோடு நடக்கிறா. என்னை அடையாளம் கண்டுகொண்டா. உள்ளே இருத்தி, புதினா போட்ட தேத்தண்ணி ஊற்றித் தந்தா. நான் அதைத் தொடவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வே மொழியில் முழுவதையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவ தன் கோப்பையைக் கீழே வைத்தா. பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சிவநாயகி போன பிறகு உங்கள் ஆட்கள் ஒருவரும் என் மேசையில் வந்து இருக்கவில்லை. நான் கொண்டுவரும் சாப்பாட்டின் மணம் உங்களுக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். அன்றிலிருந்து வேலைக்கு பேக்கரியில் வாங்கிய வெறும் பாண் மட்டும் கொண்டுவரத் தொடங்கினேன். ஆறு வருஷம் பாண்தான் சாப்பிட்டேன். காரணம் இன்றைக்குத்தான் தெரிகிறது."

அக்கா, அந்த மேசை என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. பாணைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுவதை நானும் கண்டிருக்கிறேன். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவ திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நான் எழும்பியபோது ஒன்று மட்டும் கேட்டா: "சிவநாயகியின் இடுப்பு இப்போது எப்படி?"

படியில் இருந்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இம்மாதம் 20ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, உங்களிடம் வர ரயிலில் இடம் பதிந்திருக்கிறேன். வரவேண்டாம் என்றால் ஒரு சொல் எழுதுங்கள். வரமாட்டேன்.

மலர்

*

துரொண்ட்ஹெய்ம்
10.04.2007

மலருக்கு,

வா. ஸ்டேஷனுக்கு இவர் வருவார், நான் வரமாட்டேன். உன்னோடு கதைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. மனம் வந்தால் கதைப்பேன். வராவிட்டால் நீ பேசாமல் இரு. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருப்பேன், சாப்பிடு.

பாத்திமாவின் முகவரியை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வா. என் இடுப்பு எப்படி என்று அவளுக்கு நானே எழுதவேண்டும்.

இன்னொன்று. காலையில் எழும்பிக் கட்டிலை நீ விரிக்காதே. கோப்பையைக் கழுவாதே. விளக்குமாற்றில் கை வைக்காதே. விரல் நொந்தாலும் என் வீட்டு வேலையை நான்தான் செய்வேன்.

சிவநாயகி